காலை எடுப்பதற்கு முன் ரத்தக்குழாயைப் பாருங்கள்

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு வைத்தியம் பார்க்கும் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கும், பொது அறுவை சிகிச்சைப் பிரிவுகளின் தலைவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவன் இல்லை. டெல்டா மாவட்டம் ஒன்றில் செயற்கைக்கால் செய்து பொருத்துகிறேன். உங்கள் அறுவை அரங்கில் காலை இழந்தவர்கள், சில மாதம் கழித்துத் தையல் போட்ட இடம் ஆறியதும், ஊன்றுகோலோடு எங்கள் கூடத்துக்கு வருவார்கள். மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, ஒரு காலைச் செய்து மாட்டி, நடக்கப் பழக்கி அனுப்புவது என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் ஆள் குறைய வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத எந்த நோயாளிக்கும், கணுக்காலுக்கு மேலே வெட்டுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்தக் காலின் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் படத்தை ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் பார்த்து, அடைப்பை எடுக்க முடியுமா முடியாதா என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். முடியாது என்று அவர் எழுதிவிட்டால் வெட்டுங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. கேட்காமலே வெட்டுவதைப் பற்றித்தான் பேச்சு.

எங்களிடம் வருகிறவர்கள் ஒரு பாலிதீன் பையில் டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டு நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாம் அதோடு மடித்திருக்கும். அதை வரி விடாமல் படிப்பது எங்கள் வழக்கம். சர்க்கரை அளவு இருக்கும், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் இருக்கும், எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் என்பது இருக்கும். அப்புறம் ‘டயாபடிக் ஃபுட், கேங்க்ரீன், பி.கே. ஆம்புடேஷன்’, அதாவது சர்க்கரைக் கால், அழுகல், முழங்காலுக்குக் கீழே வெட்டு என்று ஒரு வரியில் கதை முடிந்திருக்கும். பாதத்தில் நாடி கிடைத்ததா, ரத்த ஓட்டத்தைக் கேட்டறியும் டாப்ளர் பார்த்தார்களா, அடைப்பு தொடையிலா முழங்காலுக்குக் கீழேயா என்பதெல்லாம் நான் பார்க்கிற பெரும்பாலான சம்மரிகளில் இருப்பதில்லை.

பார்த்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கலாம் என்பீர்கள். சரி, அதனால்தான் ஆளையே கேட்டுவிடுவேன். “பசை மாதிரி தடவி, பேனா மாதிரி ஒண்ணைக் கால்ல வச்சு, உஸ் உஸ்ஸுன்னு சத்தம் கேட்டாங்களா?” “இல்லீங்க.” “கையில ஊசி போட்டு மருந்து ஏத்தி, பெரிய மெஷினுக்குள்ள படுக்க வச்சுக் காலைப் படம் எடுத்தாங்களா?” “நெஞ்சுக்கு எக்கோ எடுத்தாங்க. காலுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க.” எக்ஸ்ரே வேண்டியதுதான், எலும்பு வரை அழுகிப் போயிருக்கிறதா என்பதை அது காட்டும். பாதத்துக்கு ரத்தம் போய்ச் சேர்கிறதா என்பதை அது காட்டாது.

இன்னும் பின்னால் போய்க் கேட்டால் கதை அநேகமாக ஒரே மாதிரி இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயக் கூலி, பீடிப் பழக்கம் உண்டு, சர்க்கரையும் உண்டு. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். காலையில் டீக்கடைக்கு நடந்து போவாராம். தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினதும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். திரும்ப அதே தூரம் நடந்தால் திரும்பப் பிடிக்கும். ஆறு மாதத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வரைகூடப் போக முடியவில்லை, பாதி வழியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. நரம்புத் தளர்ச்சி என்று பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டார்கள். இன்னொரு இடத்தில் முதுகுத்தண்டில் ஜவ்வு விலகியிருக்கிறது என்றார்கள். பிறகு ராத்திரியில் பாதம் எரிய ஆரம்பித்தது. காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம். உட்கார்ந்தபடியே தூங்கிய மாதங்கள் அவை. கடைசியில் நகம் வெட்டும்போது கட்டைவிரலில் ஒரு கீறல். ஆறவில்லை, கறுத்தது. ஒன்றரை மாதம் கட்டு மாற்றினார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

குறிப்பிட்ட தூரம் நடந்தால் வலிப்பது, நின்றால் அடங்குவது. படுத்தால் வலிப்பது, தொங்கவிட்டால் அடங்குவது. இது கால் ரத்தக்குழாய் அடைப்பு என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தருவது அதிகப்பிரசங்கித்தனம். எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே இருக்கிறது. மனுஷன் இரண்டு வருடமாக அந்தப் பாடத்தை வரி வரியாகச் சொல்லியிருக்கிறார், பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி பார்க்க எவருக்கும் நேரமில்லை. சர்க்கரை நோயாளியிடம் இதிலே ஒரு வில்லங்கமும் உண்டு. உணர்ச்சி நரம்புகள் செத்துப்போனவருக்கு இந்த வலியே தெரியாமல் போகலாம். அவருக்கு முதல் அறிகுறியே ஆறாத புண்தான். ஆகவே வலி இல்லை என்பதை வைத்து ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதே ஆள் நெஞ்சு வலி என்று வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஈ.சி.ஜி., ட்ரோபோனின், எக்கோ, அன்றோ மறுநாளோ ஆஞ்சியோகிராம் என்ற ரத்தக்குழாய்ப் படம். இதயத்துக்கு அந்த மரியாதை கிடைத்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டும். நீங்கள் இதயத்துக்குச் செய்கிற ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் என்ற இரண்டு பெரிய சிகிச்சைகளும் காலில் பிறந்தவை.

1964 ஜனவரி 16. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லேண்ட் நகரம். 82 வயது மூதாட்டி ஒருவர், இடது பாதத்தில் விரல்கள் அழுகி, ஆறாத புண்ணோடு கிடக்கிறார். காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள் அறுவை மருத்துவர்கள். அந்த அம்மாள் முடியவே முடியாது என்று பிடிவாதம் பிடிக்கிறார். வேறு வழியில்லாமல் அவரைச் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். தொடை ரத்தக்குழாயில் ஓர் இடத்தில் மட்டும் குறுகல். டாட்டர் தோல் வழியாகக் கம்பியை நுழைத்து, அதன்மேல் சிறிய குழாயையும் பிறகு அதைவிடப் பெரிய குழாயையும் செலுத்தி, குறுகலை அகட்டிவிட்டார். பாதத்தில் சூடு திரும்பியது. வலி போனது. செத்த விரல்கள் தாமாக உதிர்ந்தன, மிச்சப் பாதம் ஆறியது. அடுத்த இரண்டரை வருடம், சாகும்வரை, அவர் தன் இரண்டு காலாலேயே நடந்தார். உலகின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டி இதுதான்.

டாட்டரை அவர் நாட்டு அறுவை மருத்துவர்களே கிறுக்கன் என்றுதான் பேசினார்கள். ஆஞ்சியோகிராமுக்கு நோயாளியை அனுப்பும்போது, படம் மட்டும் எடு, சரிசெய்கிறேன் என்று இறங்கிவிடாதே என்று சீட்டிலேயே எழுதி அனுப்பியவர்கள் உண்டு. ஆனால் அவர் வித்தை ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. அங்கே கற்றுக்கொண்ட ஆண்ட்ரியாஸ் கிரண்ட்ஸிக், குழாய்க்குப் பதில் பலூன் வைத்தார். 1974இல் அந்தப் பலூனை முதலில் காலில்தான் விரித்துப் பார்த்தார். இதயத்தில் விரித்தது 1977 செப்டம்பர் 16 அன்று, சூரிச் நகரில். 1986இல் மேத்யூ சாமுவேல் களரிக்கல் சென்னையில் அதைச் செய்து, இந்தியாவில் இதய ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கி வைத்தார்.

பைபாஸும் அப்படியே. 1948இல் பாரிஸில் ழான் குன்லின், ஒரு நோயாளியின் காலிலிருந்தே சிரையை எடுத்து, தொடையில் அடைத்துக் கிடந்த இடத்தைத் தாண்டித் தைத்தார். கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ அதே கால் சிரையை இதயத்துக்கு வைத்தது 1967இல். சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸைச் செய்தது 1975இல். கால் முந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நம் ஊர் நடைமுறையில்தான் அது பின்தங்கிவிட்டது. இன்று பல மாவட்டத் தலைநகரங்களில் இதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும் இடம் இருக்கிறது. அதே மேசையில், அதே எக்ஸ்ரே கருவியில், கவட்டில் அதே ஊசியைப் போட்டு, கம்பியை மேலே செலுத்தாமல் கீழே செலுத்தினால் கால் ரத்தக்குழாய். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், நீளமான மெல்லிய கம்பியும் பலூனும் வேண்டும், பொறுமை நிறைய வேண்டும். முழங்காலுக்குக் கீழே குழாய்கள் மெல்லியவை, சர்க்கரை நோயாளிக்குச் சுண்ணாம்பு படிந்து இறுகியும் போயிருக்கும். சுலபமான வேலை என்று நான் சொல்லவில்லை. சாத்தியமான வேலை என்கிறேன்.

பலூனா பைபாஸா என்ற சண்டை நிபுணர்களுக்குள்ளேயே நடக்கிறது. 2022இல் வந்த பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வு 1,830 பேரை வைத்துச் செய்தது. காலில் நல்ல சிரை இருப்பவருக்கு பைபாஸ்தான் மேல் என்று அது காட்டியது. அப்படிப்பட்டவர்களில் காலுக்குப் பெரிய பின்னடைவோ மரணமோ பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதம், ரத்தக்குழாய் வழியே சிகிச்சை பெற்றவர்களில் 57.4 சதவீதம். அடுத்த வருடமே பிரிட்டனில் முக்கியமாக நடந்த பேசில்-2 ஆய்வு வந்தது. முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேர். அதில் முடிவு தலைகீழ், முதலில் பலூன் வைத்தவர்களுக்கே நல்லது என்றது. அதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டை போடுவதற்காவது கால் இருக்க வேண்டும் அல்லவா?

இந்த எண்களை இன்னொரு தடவை பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. நல்ல சிகிச்சை கிடைத்தவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காலோ உயிரோ சிக்கலில் முடிந்திருக்கிறது. இது அவ்வளவு பொல்லாத நோய். ஆஞ்சியோ செய்தால் எல்லாக் காலும் பிழைத்துவிடும் என்று நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. கால் அடைத்திருப்பவருக்கு நெஞ்சிலும் மூளையிலும் குழாய்கள் அடைத்துக்கொண்டுதான் வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, புகையை விடுவது, இவை இல்லாமல் பலூனோ பைபாஸோ தனியாக நின்று எதையும் சாதிக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டாட்டின் எழுதப்படாத ஆட்களையும் பார்க்கிறேன், அது வேறு கணக்கு.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு, பாதம் முழுக்கச் சீழ், காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் ஒருவரைக் கொண்டுவந்து போடுகிறார்கள். வீட்டில் காபித்தூள் வைத்துக் கட்டி ஒரு வாரம் கழித்திருப்பார்கள். அப்போது டாப்ளர் எங்கே, ஆஞ்சியோ எங்கே என்று கேட்பவன் முட்டாள். சீழை வடிக்க வேண்டும், உயிரைக் காப்பாற்றக் காலை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுக்கத்தான் வேண்டும். ஈரமான அழுகலும் நச்சுக் காய்ச்சலும் காத்திருக்காது. நான் சொல்வது அவர்களைப் பற்றி அல்ல. வார்டில் இரண்டு வாரம், மூன்று வாரம் படுத்திருந்து, தினமும் கட்டு மாற்றி, உலர்ந்து கறுத்த விரலோடு முறை வந்து அரங்குக்குப் போனவர்களைப் பற்றி. அந்த மூன்று வாரத்தில் ஒரு படம் எடுக்க ஒரு மணி நேரம் கிடைத்திருக்காதா? சீழ் வடித்தவருக்குக்கூட, அடுத்த இரண்டொரு நாளில் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டால் மிச்சப் பாதமாவது நிற்கும்.

கிரியாட்டினின் ஏறியிருப்பவருக்கு, படத்தில் குழாய் தெரிவதற்கான சாயம் ஏற்ற முடியாது என்று சொல்லித்தான் பல பேருக்குப் படம் நின்றுபோகிறது. ஒலி அலையால் ரத்தக்குழாயைப் பார்க்கும் டூப்ளெக்ஸ் ஸ்கேனுக்குச் சாயமே வேண்டாம். ஆஞ்சியோ அவசியம் என்றால் சாயத்துக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தும் கால் குழாய்களைப் படம் எடுக்கிற முறை இருக்கிறது. சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறோம் என்று காலை விடுவதற்கு முன் இதையாவது யோசித்திருக்கலாம்.

கணுக்கால்-கை அழுத்த விகிதம் பார்க்கிற சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி, டாப்ளர் பேனாவால் கேட்டு, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு, 0.4க்குக் கீழே என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. செலவு என்று பார்த்தால் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் விலைக்குள் கருவி கிடைக்கும். ஆனால் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவருக்குக் குழாய்ச் சுவர் கெட்டித்துப் போய், பட்டையால் அதை அமுக்கவே முடியாது. விகிதம் 1.4, 1.5 என்று ஏறி நிற்கும். சிலருக்கு 1.1 என்று பொய்யாக நல்ல எண்ணே வரும். ‘ரத்த ஓட்டம் நார்மல்’ என்று எழுதிய சீட்டோடு, கையால் தொட்டாலே ஜில்லென்று இருக்கிற காலோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் அழுத்தம் பார்ப்பது, டாப்ளரில் அலையின் வடிவத்தைப் பார்ப்பது என்று இதற்கு மாற்று வழிகள் உங்களுக்கே தெரியும். புண் ஆறவில்லை என்றால் எண் என்ன சொன்னாலும் படம் எடுத்துவிடுங்கள்.

இனி என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

முழங்கால் மூட்டு இருக்கிற ஆளுக்கும் இல்லாத ஆளுக்கும் வாழ்க்கையே வேறு. முழங்காலுக்குக் கீழே எடுத்தவர், எங்களிடம் கால் மாட்டி, நாலைந்து வாரம் கம்பியைப் பிடித்துப் பழகிவிட்டு, பிறகு ஒரு தடியோடு தெருவில் நடப்பார். பஸ் படி ஏறுவார். ஜெய்ப்பூர் கால் மாட்டினால் செருப்பில்லாமல் கோயிலுக்குள் போவார், வரப்பிலும் நடப்பார். பி.கே. சேத்தியும் ராமச்சந்திர சர்மாவும் 1960களின் கடைசியில் அதை ரப்பரில் வடித்ததே, தரையில் உட்கார்ந்து எழுகிற, வெறுங்காலோடு நடக்கிற நம் ஜனங்களுக்காகத்தான். முழங்காலுக்கு மேலே எடுத்தவருக்கு அதே தூரத்தை நடக்க ரொம்பவும் மூச்சு வாங்கும். இதயமும் பலவீனமான எழுபது வயதுக்காரர் பத்து நாள் முயன்று பார்ப்பார், பிறகு கால் கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கும், ஆள் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். கழிப்பறைக்குப் போகக்கூட மருமகளைக் கூப்பிட வேண்டிய நிலையை அவரால் தாங்க முடிவதில்லை.

எங்களை ரொம்பவும் வருத்துகிறவர்கள் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டவர்கள். முதலில் விரல். அது ஆறவில்லை. பிறகு பாதத்தில் பாதி. அதுவும் ஆறவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே. தையல் போட்ட இடம் கறுத்துப் பிரிந்துகொண்டது. கடைசியில் தொடை. ஒவ்வொரு தடவையும் அழுகலைத்தான் வெட்டியிருக்கிறார்கள், மேலே தொடையிலோ இடுப்பிலோ இருந்த அடைப்பு அப்படியே இருந்திருக்கிறது. டெல்டாக்காரனுக்கு இது விளங்காமல் போகாது: வாய்க்கால் தலைப்பில் அடைத்துக் கிடக்கும்போது கடைமடையில் காய்ந்த பயிரை அறுத்துக்கொண்டே வந்தால் நடுமடையும் காயத்தான் செய்யும். காலை எடுத்தே தீர வேண்டும் என்ற நிலையிலும் ரத்தக்குழாய்ப் படம் ஏன் வேண்டும் என்பதற்கு இதுதான் பதில். மேல் அடைப்பைப் பலூனால் திறந்துவிட்டு வெட்டினால், தொடைக்குப் போயிருக்க வேண்டிய வெட்டு முழங்காலுக்குக் கீழே நிற்கலாம். முழங்காலுக்குப் போயிருக்க வேண்டியது விரல்களோடு நிற்கலாம். எனக்கு அது ஒரு மூட்டு. அவருக்கு அது திண்ணைக்கும் தெருவுக்கும் உள்ள தூரம்.

இரண்டு விதமான ஆட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, திடீரென்று கால் அடைப்பவர்கள். நேற்றுவரை நன்றாக நடந்தவருக்கு இன்று கால் வெளிறி, ஜில்லிட்டு, உயிர் போகிற வலி. பெரும்பாலும் இதயத்தில் உருவான ரத்தக்கட்டி ஒன்று கிளம்பி வந்து காலில் சிக்கியிருக்கும். படபடப்பு நோய், வால்வு சுருக்கம் உள்ளவர்களுக்கு இது வரும். சுமார் ஆறு மணி நேரம்தான் கையில் இருக்கிறது. நம் ஊரில் அந்த ஆறு மணி நேரம் வாதம் என்று தைலம் தேய்ப்பதிலும், வலி ஊசி போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று அனுப்பி வைப்பதிலும் போய்விடுகிறது. இத்தனைக்கும் இதற்குள்ள சிகிச்சை ரொம்பச் சின்னது. 1960களின் தொடக்கத்தில் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற இளைஞர், மெல்லிய குழாயின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல்நுனியை வெட்டி வைத்து, மீன் தூண்டிலில் செயற்கை ஈயைக் கட்டுகிற முடிச்சால் கட்டிப் பலூன் செய்தார். கவட்டில் சிறிதாகக் கீறி, அந்தக் குழாயை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, பலூனை விரித்து இழுத்தால் கட்டி வெளியே வந்துவிடும். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம். மாவட்ட மருத்துவமனையில் பொது அறுவை மருத்துவரே கற்றுக்கொண்டு செய்யக்கூடிய வேலை இது. 108 ஊழியர்களுக்கு நெஞ்சு வலி, பக்கவாதம் மாதிரி இதையும் அவசரம் என்று சொல்லிக்கொடுத்திருந்தால் என் பட்டியலில் சில பேர் வந்தே இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, முப்பது, நாற்பது வயது பீடிக்காரர்கள். சர்க்கரை கிடையாது, கொழுப்பும் கிடையாது, விரல் விரலாகக் கறுக்கும். பியூர்கர் நோய். இவர்களுக்குப் பலூனோ பைபாஸோ அதிகம் கைகொடுப்பதில்லை, பீடியை அடியோடு விட்டால் மட்டும்தான் நோய் நிற்கும். ஒரு காலை எடுத்த பிறகும் ஆஸ்பத்திரி வாசலில் பற்ற வைக்கிறவரைப் பார்த்திருக்கிறேன். இங்கே உங்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் புகை விட உதவும் ஆலோசகர் ஒருவரை அறுவை வார்டுக்கும் அனுப்பலாம். அவர் மனநலப் பிரிவிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

துறை அதிகாரிகளுக்கும் சில வார்த்தை.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்னது. இதில் தமிழ்நாட்டின் பங்கு சிறியதல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். மாத்திரைப் பட்டையைக் கொடுக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் ஒரு தடவை பார்க்கட்டும். புண் இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, ராத்திரி காலைத் தொங்கவிட்டுத் தூங்குகிறாரா. மூன்றே கேள்வி. பாதம் பாதுகாப்போம் திட்டம் என்று தனியாகவே அரசு ஆரம்பித்திருப்பதை மனதார வரவேற்கிறேன். அதில் உணர்ச்சி இருக்கிறதா என்று குத்திப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல் டாப்ளர் பேனாவும் கட்டாயம் இருக்க வேண்டும். உணர்ச்சி போன கால் வேறு, ரத்தம் போகாத கால் வேறு. இரண்டுக்கும் ஒரே களிம்பு பூசிக்கொண்டிருக்க முடியாது.

அடைப்பு என்று தெரிந்தால் எங்கே அனுப்புவது என்ற கேள்வி வரும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது. அங்கே ஒரு காலைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் பகுதியிலும் இருக்கிறார்கள். ஆனால் கறுத்த விரலோடு டெல்டாவிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய், துணைக்கு ஒருவரைக் கூலி விட்டு உட்கார வைத்து, தேதிக்குக் காத்திருப்பது எல்லோராலும் முடியாது. ஒவ்வொரு பகுதியிலும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியிலாவது முழுநேர ரத்தநாள நிபுணர் இருக்க வேண்டும், சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்க ஒரு தொலைபேசி எண் வேண்டும். மாரடைப்புக்கு இதே தமிழ்நாட்டில் சின்ன மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஒரே வலையில் இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். திடீர் அடைப்பைத் தவிர்த்தால் காலுக்கு அவ்வளவு அவசரம்கூட இல்லை, அன்றைக்குள் பதில் வந்தால் போதும்.

காசு விஷயமும் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்களான இதய ஸ்டென்டுகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியது 29,600 ரூபாய், பூசாதது 7,260 ரூபாய். அந்த உத்தரவு இதய ரத்தக்குழாய் ஸ்டென்டுகளுக்கு மட்டும். காலுக்கு வைக்கிற ஸ்டென்டும் மருந்து பூசிய பலூனும் அதில் வரவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ரத்தநாள சிகிச்சைகள் இருக்கின்றன, ஆனால் அது தெரிந்து வருகிற நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. நெஞ்சுக்கு அட்டையில் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. காலுக்கும் அட்டை செல்லும் என்பதை வார்டுச் சுவரில் பெரிதாக எழுதிப் போடச் செலவு ஒன்றுமில்லை. காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் கணுக்காலுக்கு மேல் ஆம்புடேஷனுக்கு ஒப்புதல் கேட்கும்போது, டாப்ளர் அல்லது ஆஞ்சியோ அறிக்கையை இணைத்தால்தான் ஒப்புதல் என்று ஒரு விதி போடுங்கள். அவசர கேஸுக்கு விலக்கு இருக்கட்டும். அந்த ஒரு விதி போதும், மிச்சமெல்லாம் தன்னால் ஓடி வரும். காகிதம் கேட்டால்தான் நம் ஊரில் வேலை நடக்கிறது.

கடைசியாக, மருத்துவர்களிடம் ஒரு சொந்த வேண்டுகோள். ஒரு கால் போனவருக்கு மறு கால்தான் இனி எல்லாம். அச்செடுக்க உட்கார வைக்கும்போது அந்தக் காலையும் தொட்டுப் பார்க்காமல் எங்களால் இருக்க முடியாது. ஜில்லென்று இருந்தால், நாடி கிடைக்காவிட்டால், ‘மறு காலுக்கு டாப்ளர் பார்க்கவும்’ என்று ஒரு சீட்டு எழுதி உங்களிடமே திருப்பி அனுப்புகிறோம். கால் கட்டுகிறவன் எங்களுக்குச் சொல்வதா என்று அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டு, புண் வந்த பிறகு வா என்று ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இனி அப்படி யாராவது சீட்டோடு வந்தால், அந்தப் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு என்னைத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
செயற்கைக்கால் செய்யும் ஒருவன்